இமை சரியும் நோயை யாரிடம் சொல்வது?

கேள்வி:

மதிப்பிற்குரிய மருத்துவர் அவர்களுக்கு,

எனக்கு வயது 36. காவிரிக் கரையிலுள்ள ஒரு நகரத்தில் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியையாக இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாலை நேரங்களில் என் இடது கண்ணிமை சரியத் தொடங்கியது. கண்ணாடிக் கடையில் இரண்டு முறை கண்ணாடி மாற்றினேன். பிறகு நான்காவது பாடவேளைக்குள் குரல் மூக்கால் வர ஆரம்பித்தது. காது மூக்கு தொண்டை மருத்துவர் குரலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார். மெல்ல முடியாமல் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு சாப்பிட்டபோது பல் மருத்துவரிடம் போனேன். வீட்டில் மந்திரித்தார்கள். மனக்கவலை என்று ஒருவர் தூக்க மாத்திரை எழுதினார். பதினாறு மாதங்கள் கழித்துத்தான் இதற்கு மயஸ்தீனியா கிராவிஸ் என்று பெயர் என்பது தெரிந்தது. இப்போது மாத்திரைகளின் உதவியால் பாடம் நடத்துகிறேன். ஆனால் சென்ற ஆண்டு சிறுநீர்த் தொற்றுக்காக ஒரு கிளினிக்கில் போட்ட ஊசிக்குப் பிறகு விழுங்க முடியாமல், மூச்சுத் திணறி, ஒன்பது நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். எனக்கு இந்த நோய் இருப்பதை முன்பே சொல்லியிருந்தேன். அந்தப் பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

ஜூன் மாதம் இந்நோய்க்கான விழிப்புணர்வு மாதம் என்று அறிந்து, 5,000 துண்டறிக்கைகள் அச்சிட்டு மாணவர் பேரணி ஒன்றும் நடத்தலாம் என்று நினைக்கிறேன். இது சரியான வழியா? அறிக்கையில் எதை எழுதுவது? என் நாத்தனாருக்கு வரன் பார்க்கும் நேரத்தில் இதை ஊரறியச் சொல்ல வேண்டுமா என்று வீட்டில் தயங்குகிறார்கள். அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பல நாடுகளில் எடுக்கப்பட்ட கணக்குகளைப் பொதுவாகப் பார்த்தால், ஏறத்தாழ பத்தாயிரம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இந்நோய் இருக்கிறது. உங்கள் நகரத்தில் ஒன்றரை லட்சம் பேர் இருந்தால், பதினைந்திலிருந்து முப்பது பேர் வரை இந்நோயுடன் வாழ்கிறார்கள் என்று கொள்ளலாம். நீங்கள் அச்சிடும் 5,000 துண்டறிக்கைகளும் ஒன்றுகூடத் தரையில் விழாமல் ஐயாயிரம் வெவ்வேறு கைகளுக்குப் போய்ச் சேர்ந்தாலும், அவற்றில் ஒன்றே ஒன்று நோயாளி ஒருவரின் கையை எட்டினால் பெரிது. வெயிலில் நடக்கும் பிள்ளைகளுக்கும் அந்த நோயின் பெயர் மறுநாள் காலை வரை நினைவில் நிற்குமா என்பது சந்தேகமே. பேரணியே கூடாது என்று நான் சொல்லவில்லை. சர்க்கரை நோய்க்கும் காசநோய்க்கும் பொருந்துகிற முறை இதற்குப் பொருந்தாது என்கிறேன்.

அந்தப் பதினைந்து, முப்பது பேர் எங்கே போகிறார்கள் என்பதை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. கண்ணாடிக் கடை, தொண்டை மருத்துவர், பல் மருத்துவர், மந்திரிப்பவர், மனக்கவலைக்கு மாத்திரை எழுதியவர் என்று ஐந்து வாசல்களை நீங்கள் மிதித்திருக்கிறீர்கள். அந்த ஐந்து வாசல்களில் ஏதேனும் ஒன்றில் ஒருவர், “காலையில் எப்படி இருக்கிறது, மாலையில் எப்படி இருக்கிறது?” என்று கேட்டிருந்தால் பதினாறு மாதங்கள் ஒரு மாதமாகச் சுருங்கியிருக்கக்கூடும். எனவே நீங்கள் தேட வேண்டியவர்கள் ஐயாயிரம் பேர் அல்லர். உங்கள் ஊரில் கண் பரிசோதிப்பவர்கள், மருந்துக் கடைக்காரர்கள், பல் மருத்துவர்கள், பொது மருத்துவர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் என்று எண்ணினால் நூற்றைம்பது பேர் தேறுவார்கள். அவர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பத்து நிமிடம் பேசுவது, ஒரு கோடைக்காலத்துக்குள் முடிந்துவிடக்கூடிய வேலை.

அவர்களிடம் நோயின் பெயரிலிருந்து தொடங்காதீர்கள். பெயர் நாக்கில் நிற்காது. அடையாளம் கண்ணில் நிற்கும். இந்நோயின் அடையாளம் ஒன்றுதான்: பயன்படுத்தப் பயன்படுத்தத் தசை தளர்கிறது, ஓய்வு கொடுத்தால் தேறுகிறது. காலையில் வாசலில் பெரிய கோலமாகப் போட்டவர் மாலையில் தலைவாரக் கையைத் தூக்க முடியாமல் பாதிப் பின்னலோடு உட்கார்ந்துவிடுகிறார். முதல் இட்லியைச் சாதாரணமாக மென்றவர் மூன்றாவது இட்லியை வாயில் வைத்துக்கொண்டு தவிக்கிறார். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, சில நேரம் மூக்கு வழியாகவே திரும்பி வருகிறது. சிரித்தால் சிரிப்பு சீறுவதுபோல் கோணுகிறது. புகைப்படத்துக்கு நிற்க மறுக்கிறார்கள். வலி இல்லை, மரத்துப்போவதும் இல்லை. பார்த்த நேரத்தில் நன்றாக இருந்து பாராத நேரத்தில் தளர்வதால்தான் வீட்டில் ‘நடிக்கிறாள்’ என்றும் அலுவலகத்தில் ‘சோம்பல்’ என்றும் பெயர் வாங்குகிறார்கள். மருத்துவரிடம் காலை ஒன்பது மணிக்குப் போனால் இமை நேராக இருக்கும். அவரும் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார்.

என் அறையில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. வருபவரை மேற்கூரையில் உள்ள மின்விசிறியை இமைக்காமல் ஒரு நிமிடம் பார்க்கச் சொல்வேன். நாற்பது, ஐம்பது வினாடிகளுக்குள் ஒரு பக்கத்து இமை, கயிறு தளர்ந்த மூங்கில் திரை இறங்குவதுபோல, தானறியாமல் கீழே வரும். உடன் வந்த கணவரோ மாமியாரோ அதைப் பார்க்கும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருப்பேன். பிறகு கைக்குட்டையில் சுற்றிய பனிக்கட்டியை மூடிய இமை மேல் இரண்டு நிமிடம் வைத்து எடுத்தால், பலருக்கு இமை சற்று உயர்ந்து நிற்கும். குளிர்ச்சியில் நரம்பும் தசையும் சேருமிடம் சிறிது நன்றாக வேலை செய்வதே காரணம். இது முடிவான சோதனை அன்று, சந்தேகத்தை வலுப்படுத்தும் ஒரு குறிப்பு மட்டுமே. ஆனால் அதுவரை ‘டென்ஷன்’ என்று சொல்லிக்கொண்டிருந்த உறவினர் பேச்சை நிறுத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கூட்டத்தில் பனிக்கட்டியை வைத்துச் செய்து காட்ட வேண்டாம். அங்கே நீங்கள் காட்ட வேண்டியவை உங்கள் கைப்பேசியில் இருக்கும் இரண்டு படங்கள். நோய் தொடங்கிய காலத்தில் ஒரே நாளில் காலையிலும் மாலையிலும் எடுத்த படங்கள் இருந்தால், அவற்றை அருகருகே பெரிதாக அச்சிடுங்கள். துண்டறிக்கையின் முன்பக்கம் அதுவே போதும், கீழே ஒரே வரி: “காலையில் நேராக இருக்கும் இமை மாலையில் சரிகிறதா? நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.”

தமிழாசிரியையான உங்களுக்கு ஒரு செய்தி பிடிக்கும் என்று நினைக்கிறேன். இந்நோயின் முதல் விவரிப்பு என்று பெரும்பாலோர் கருதுவது, 1672-இல் இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் எழுதியது. அவர் பார்த்த ஒரு பெண் சிறிது நேரம் தங்குதடையின்றிப் பேசுவார். நெடுநேரமோ வேகமாகவோ பேசினால் மீனைப்போல ஊமையாகிவிடுவார். ஓரிரு மணி நேரம் கழித்தே குரல் திரும்பும். உங்கள் நான்காவது பாடவேளையை முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இன்றைய பெயர் வந்தது 1895-இல், பெர்லினைச் சேர்ந்த பிரீட்ரிக் யோலி என்பவரால்.

காரணத்தை விளக்கும்போது நம் ஊர் மக்களுக்கு நன்கு தெரிந்த ஒன்றைத் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல பாம்பு தீண்டியவருக்கு இமை சரியும், பேச்சு குழறும், கழுத்து நிற்காது, கடைசியில் மூச்சு நிற்கும் என்பதை வயல் வேலை பார்த்த யாரும் அறிவார். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சுரந்து, தசையில் உள்ள ஏற்பிகளில் போய் அமர்ந்தால்தான் தசை சுருங்கும். நாகத்தின் நஞ்சு அந்த ஏற்பிகளை அடைத்துக்கொள்கிறது. மயஸ்தீனியாவில் அதே இடத்தை, வெளியிலிருந்து வந்த நஞ்சு அன்று, நோய்க்கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் எதிர்ப்பொருள்களே தாக்கி அழிக்கின்றன. தன்னெதிர்ப்பு நோய் என்று சொல்வது இதனால்தான். இது வெறும் உவமை என்று எண்ண வேண்டாம். கட்டுவிரியன் இனப் பாம்பு ஒன்றின் நஞ்சிலிருந்து பிரித்த பொருளைக் கொண்டு ஏற்பிகளை எண்ணியபோதுதான், நோயாளிகளின் தசையில் அவை மிகவும் குறைந்திருப்பது 1973-இல் தெரிய வந்தது. நாகக்கடிக்கு நச்சுமுறி மருந்துடன் நம் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் நியோஸ்டிக்மினும், நீங்கள் நாள்தோறும் விழுங்கும் பைரிடோஸ்டிக்மினும், அசிட்டைல்கோலின் விரைவில் சிதைந்துவிடாமல் காக்கும் ஒரே குடும்பத்து மருந்துகள்.

அந்தக் குடும்ப மருந்துகள் இந்நோய்க்கு உதவும் என்று உலகுக்குக் காட்டியவர் மேரி வாக்கர் என்ற பெண் மருத்துவர். 1934-இல் லண்டனின் கிரீனிச் பகுதியில், செயின்ட் ஆல்ஃபீஜ் மருத்துவமனையில் அவர் இளநிலைப் பணியில்தான் இருந்தார். இந்நோயின் அறிகுறிகள் கியூராரே என்ற அம்பு நஞ்சின் விளைவை ஒத்திருக்கின்றன, அதற்கு முறிவான பைசோஸ்டிக்மினை இதற்கும் கொடுத்தால் என்ன என்று யோசித்து, ஒரு நோயாளிக்கு ஊசி போட்டு, இமை எழுவதைப் பார்த்து, லான்செட் என்ற மருத்துவ இதழுக்கு எழுதினார். அவர் எழுதியது பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை அன்று, ஒரு கடிதம்.

பாம்பைச் சொன்னதால் ஓர் எச்சரிக்கையையும் சேர்த்தே சொல்லுங்கள். இரவு நன்றாகப் படுத்தவர் விடியற்காலையில் இமை சரிந்து, வயிற்று வலியோடோ விழுங்க முடியாமலோ எழுந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். மாலை வரை காத்திருந்து ஒப்பிட்டுப் பார்க்கிற நேரம் அதுவன்று. அதேபோல் திடீரென்று ஒரு பக்கம் முகம் கோணிக் கையும் காலும் இழுத்துக்கொண்டால் அது பக்கவாதம். இரண்டுக்கும் உடனே 108. மயஸ்தீனியா பெரும்பாலும் நாட்கணக்கில், வாரக்கணக்கில், ஏறியும் இறங்கியும் வருகிறது.

இனி, துண்டறிக்கையின் பின்பக்கம். என் கருத்தில் இது முன்பக்கத்தைவிட முக்கியமானது. உங்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பியது நோய் மட்டும் அன்று, ஒரு மருந்தும் அதற்குக் காரணமாக இருந்திருக்கக்கூடும். அந்த ஊசி எதுவென்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் சிறுநீர்த் தொற்றுக்குச் சாதாரணமாகப் போடப்படும் ஜென்டாமைசின், அமிக்காசின் ஆகிய ஊசிகள் நரம்பும் தசையும் சேருமிடத்தின் வேலையை இன்னும் தளர்த்தக்கூடியவை. சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளும் அப்படியே. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் இவற்றின் அட்டையிலேயே மயஸ்தீனியா நோயாளிகளுக்கான கடும் எச்சரிக்கையை அச்சிட வைத்தது. அசித்ரோமைசின், மலேரியாவுக்கான குயினைன், இரத்த அழுத்தத்துக்கான சில பீட்டா தடுப்பு மருந்துகள், கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து ஆகியவற்றிலும் கவனம் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து தருபவருக்கு இந்நோய் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். சில தசைத் தளர்த்திகளின் விளைவு நோயாளியின் உடலில் வழக்கத்தைவிட நெடுநேரம் நிற்கும்.

கர்ப்பிணிகளைக் கவனிக்கும் செவிலியர்களிடம் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்ப கால வலிப்புக்கு உயிர்காக்கும் மருந்தாகப் போடப்படும் மெக்னீசியம் சல்பேட், மயஸ்தீனியா உள்ள தாய்க்கு மூச்சை நிறுத்திவிடக்கூடும். இந்நோய் பெண்களில் பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும், அதாவது பிள்ளை பெறும் வயதில் தொடங்குவதால், இது எப்போதோ நேரும் சிக்கல் என்று தள்ளிவிட முடியாது.

இந்தப் பட்டியல் ‘எக்காரணம் கொண்டும் கொடுக்கக் கூடாதவை’ என்ற தலைப்பில் அச்சாகக் கூடாது. உயிருக்கு ஆபத்தான தொற்றில் வேறு வழியில்லாமல், மூச்சைக் கண்காணித்துக்கொண்டே இவற்றில் ஒன்றைக் கொடுக்க வேண்டிய நிலை வரலாம். உங்கள் தாளைப் பார்த்து ஒரு மருத்துவர் தயங்கி நின்றுவிடக் கூடாது. ‘நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்’ என்று போடுங்கள். இதையே அடையாள அட்டை அளவில் அச்சிட்டு, பின்புறம் உங்கள் மருத்துவரின் எண்ணையும் நீங்கள் உண்ணும் மருந்துகளின் அளவையும் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ற ஆண்டு நீங்கள் நோயின் பெயரைச் சொன்னீர்கள். பெயர் தெரியாதவருக்கு அது வெறும் ஓசை. நீட்டிய அட்டையைப் பார்க்காமல் ஊசி போடுவது அவ்வளவு எளிதன்று. உங்கள் ஊர் மருந்துக் கடைகளில் கண்ணாடிக்குக் கீழே இந்த ஒரு தாள் ஒட்டப்பட்டால், ஆயிரம் பேர் நடந்த பேரணியைவிட அது மேல் என்பேன்.

எழுதக் கூடாதவையும் உண்டு. ‘அடிக்கடி சோர்வா? உங்களுக்கும் இருக்கலாம்!’ என்பதுபோன்ற வாசகம் வேண்டவே வேண்டாம். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் தூக்கமின்மையும் நிறைந்த ஊரில், சோர்ந்தவர்கள் எல்லாரும் நரம்பியல் பிரிவின் வாசலில் நின்றால், உண்மையான நோயாளி வரிசையின் கடைசியில்தான் நிற்பார். ‘ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்’ என்றும் எழுதாதீர்கள். உடல் முழுவதும் பரவிய நோயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேருக்கு ஏற்பிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரியும். கண்ணோடு நின்ற நோயிலோ பாதிப்பேருக்குத்தான் தெரியும். மற்றவர்களுக்கு வேறு எதிர்ப்பொருள் சோதனையும், நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டிப் பார்க்கும் மின் சோதனையும் தேவைப்படும். மார்பெலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மார்பை ஸ்கேன் செய்வதும் வழக்கம். பத்துப் பேரில் ஒருவருக்கேனும் அது இருக்கும். இவையெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை, துண்டறிக்கைக்குச் சுமை.

பேரணியில் பிள்ளைகளும் பள்ளியில் இளம் பெற்றோரும்தான் இருப்பார்கள். ஆண்களுக்கு இந்நோய் பெரும்பாலும் அறுபதுக்கு மேல் வருகிறது; இமை சரிந்தால் வயதாகிவிட்டது என்றும், பேச்சு குழறினால் வாதம் என்றும் அவர்களே முடிவுகட்டிக்கொள்கிறார்கள். ஆகவே உங்கள் ஊர் ஓய்வூதியர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் கால் மணி நேரம் கேட்டு வாங்குங்கள். அவர்கள் பொறுமையாகக் கேட்பார்கள், கேள்வியும் கேட்பார்கள். மனைவியரிடம் போய்ச் சொல்லவும் செய்வார்கள்.

ஏற்கெனவே நோய் இருப்பதாகத் தெரிந்து உங்களைத் தேடி வருபவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள். ஆழ மூச்சிழுத்து, வினாடிக்கு இரண்டு எண் வீதம், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்பதை நலமாக இருக்கும் நாளில் குறித்து வைக்க வேண்டும். நலமாக இருப்பவர் ஐம்பதை நெருங்குவார். அந்த எண் வேகமாக இறங்கினாலோ, இருபதை எட்ட முடியாமல் போனாலோ, மல்லாந்து படுக்க முடியாவிட்டாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, கூடுதலாக இரண்டு மாத்திரை போட்டுப் பார்க்கலாம் என்று வீட்டில் இருக்கக் கூடாது. செயற்கைச் சுவாச வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். எதிர்ப்பொருள்களை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது. உங்கள் மாத்திரையை இன்னொருவருக்கு ‘சரிபார்க்க’ ஒன்று கொடுத்துவிடாதீர்கள். நல்லெண்ணத்தில் செய்துவிட்டுப் பிறகு வருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

வீட்டாரின் தயக்கத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். வரன் பார்க்கும் வீட்டில் சொல்லும் சொல்லாமையும் எப்படி எடைபோடப்படுகின்றன என்பது எனக்கும் தெரியும். மருத்துவ உண்மை இது: மயஸ்தீனியா தொற்று நோய் அன்று, தலைமுறை தலைமுறையாக இறங்கிவரும் பரம்பரை நோயும் அன்று. பிறவியிலேயே மரபணுவால் வரும் தசைத் தளர்ச்சி வேறு வகை, அது உங்கள் நோய் அன்று. நோயுள்ள தாய்க்குப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்குத் தாயின் எதிர்ப்பொருள் வந்து சேர்வதால் சில வாரங்கள் தளர்ச்சி இருக்கலாம். கண்காணித்தால் அது தானே மறையும். உங்கள் நாத்தனாரோ உங்கள் கணவரின் உடன்பிறப்பு. உங்கள் இரத்தத்தில் ஓடும் எதிர்ப்பொருளுக்கும் அவருடைய திருமணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைச் சொன்ன பிறகும் வீட்டில் மனம் ஒப்பவில்லையென்றால், உங்கள் முகமும் பெயரும் இல்லாமலே இந்த வேலையைச் செய்யலாம். இமைகளை மட்டும் காட்டும் படம் யாருடையது என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். மருந்துக் கடைக்காரருக்கு வேண்டியது அந்தத் தாள், அதைக் கொண்டுவந்தவரின் கதை அன்று. அமிதாப் பச்சன் தமக்கு இந்நோய் இருந்ததை 1980-களிலேயே நாடறியச் சொன்னவர். ‘யாருக்கெல்லாம் வந்திருக்கிறது தெரியுமா’ என்று பேச ஒரு பெயர் தேவைப்பட்டால் அவர் பெயரே போதும்.

கடைசியாக உங்கள் குரல். பைரிடோஸ்டிக்மின் உண்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பலன் தரத் தொடங்கி மூன்று, நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே பேச அழைப்பவர்களிடம் முற்பகல் நேரத்தைக் கேளுங்கள், வழக்கமான வேளையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போங்கள், பேச்சுக்காகக் கூடுதலாக ஒன்று போடாதீர்கள். ஒலிபெருக்கி வேண்டும், உட்கார்ந்து பேசுங்கள், ஒரே நாளில் இரண்டு கூட்டங்கள் வேண்டாம். எட்டாவது நிமிடத்தில் குரல் மூக்குக்கு ஏறினால் முடித்துவிடப் போராட வேண்டாம், தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு அமைதியாக இருங்கள். மீதியை அவர் படிக்கட்டும், முன்வரிசையில் இருப்பவர்கள் உங்கள் இமையைப் பார்க்கட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் மருந்துப் பட்டியலை மட்டும் உங்களுக்குச் சிகிச்சை தரும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கிவிடுங்கள்.